என் மேசைக்கு ஏற்ற குரல்

எனக்கு ரெடினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். முதலில் மாலைக்கண்ணாகத்தான் வந்தது. அப்புறம் பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, இப்போது குழாய் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன். கடைசியில் நான்கு எழுத்துகூடச் சேர்ந்தாற்போலத் தெரியவில்லை. குழாய்ப் பார்வைக்குப் பெரிதாக்குவது பகை.

"அண்ணாச்சி, ஃபைலை எல்லாம் விட்டுருங்க. தபால் பிரிவுல சும்மா உக்காருங்க" என்றார் கண்காணிப்பாளர். பிரியமாகத்தான் சொன்னார். அந்தச் 'சும்மா'தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 20ஆம் பிரிவை மகள் வாசித்துக் காட்டினாள். ஊழியருக்குத் தேவையான வசதியை அரசு நிறுவனம் செய்துதர வேண்டும். பணியில் இருக்கும்போது ஊனம் வந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. சரி என்று மனு எழுதினேன். 'உதவி செய்யவும்' என்று பொதுவாக எழுதாமல் மூன்றே விஷயம் கேட்டேன்: திரைவாசிப்பான் (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள்) நிறுவ அனுமதி, ஒரு காதுக்கு மட்டுமான ஹெட்போன், மேற்கு ஜன்னலை விட்டு மேசையை நகர்த்துவது. நம்ம ஊர் மதிய வெயில் அந்த ஜன்னலில் அடித்தால் இருக்கிற பார்வையும் போய்விடும். ஊனச் சான்றிதழ், யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல்களை இணைத்தேன். பதில் வர இரண்டு மாதம் ஆனது.

என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் எழுதத் தொடங்கியது. நிறுவப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வேலையே அதற்குப் பிறகுதான் இருந்தது.

பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். புரியாத உளறலாக வந்தது. 'அம்மா' என்ற சொல்லில் எழுத்தெழுத்தாக நகர்ந்தால் "எம், கே, செமிகோலன், கே, எச்" என்கிறது. பக்கத்து இருக்கைத் தம்பிதான் கண்டுபிடித்தான். "அண்ணாச்சி, இது பாமினிங்கற பழைய ஃபாண்ட்ல அடிச்சது. கண்ணுக்குத்தான் தமிழு, கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் எழுத்து." அன்று முதல் தினமும் மாலை அரை மணி நேரம் இருந்து, கோப்புகளை ஒவ்வொன்றாக, கணினியும் தமிழாகவே அறியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றிக் கொடுத்தான். அந்தப் பிள்ளை செய்ததை நான் மறக்க மாட்டேன்.

அடுத்து, மனுக்களில் வரும் சுருக்கங்கள். 'த/பெ' வந்தால் நடுவில் சாய்கோட்டையும் சேர்த்து வாசிக்கும். ஒரு பட்டியலில் இருநூறு பேர் இருந்தால் இருநூறு தடவை அதைக் கேட்க வேண்டும். என்விடிஏவில் பேச்சு அகராதி என்று ஒன்று உண்டு. எந்தச் சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று நாமே அதில் பதியலாம். த/பெ என்றால் 'தகப்பனார் பெயர்', க/பெ என்றால் 'கணவர் பெயர்' என்று பதிந்தேன். எங்கள் பிரிவின் சுருக்கங்கள் எல்லாம் அதில் ஏற மூன்று வாரம் ஆனது. விலை கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளிலும் இது தயாராக வந்திருக்காது. எங்கள் மேசைக்கு என்ன தேவை என்பது அங்கே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குத்தானே தெரியும்?

தபால் பிரிவுக்கு நான் போகவில்லை. போன வாரம் மானூர்ப் பக்கத்து அம்மா ஒருவரின் மனு வந்தது. முழுவதையும் காதால் கேட்டு, குறிப்பெழுதி, நான்கு மணி டீக்கு முன்னால் மேலே அனுப்பினேன். கையால் எழுதிய பழைய பதிவேடுகளை மட்டும் இன்னும் தம்பிதான் வெள்ளிக்கிழமைகளில் வாசித்துக் காட்டுகிறான்.