திரிபுராவுக்கா? எதுக்கு?

"அடுத்த வாரம் திரிபுரா போறேன்" என்று சொன்னபோது அத்தை முறத்திலிருந்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாரப்ப ரெண்டு நைட்டி வாங்கியாந்துரு கண்ணு, அங்கதான் வெல கம்மி" என்றார். அவிநாசியில் குடியிருப்பவன் திரிபுரா என்று எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் கேட்பவர்கள் காதில் திருப்பூர் என்றுதான் விழும். திருப்பூர் எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ் தூரம். அதற்கு எதுக்குப் பெட்டி படுக்கை என்று மட்டும்தான் அத்தைக்குக் குழப்பம்.

நண்பர்களுக்குப் பெயர் குழப்பம் இல்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான்: "அங்க என்னடா இருக்கு?" வடகிழக்கை 'முடித்துவிட்ட' ஒருவன் இருக்கிறான். ஷில்லாங், சிரபுஞ்சி, தவாங், அப்படியே காங்டாக். திரிபுராவை விட்டுவிட்டானே என்று கேட்டால், "அது வழியில வரலையே" என்றான். அவன் சொன்னதும் உண்மைதான். வேறு எங்கும் போகிற வழியில் திரிபுரா வராது. இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "இன்னும் துப்பாக்கிப் பிரச்சினை இருக்குதுங்களா?" என்று விசாரித்தார். ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டத்தையே 2015இல் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். பக்கத்து மிசோரமுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். திரிபுராவுக்கு அதுவும் வேண்டாம்.

பயணத்துக்கு முன்பே ஒரு கூத்து. அங்கேயும் ஓர் உதய்பூர் இருக்கிறது. அதில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று செயலியில் தேடி, ஏரிக்கரை, நல்ல விலை என்று பணத்தைக் கட்டிவிட்டேன். உறுதிச் சீட்டு வந்த பிறகுதான் பார்த்தேன், ராஜஸ்தான். பணம் திரும்ப வரவில்லை. பெயரிலேயே இப்படி என்றால் மற்றதில் எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

கொல்கத்தாவிலிருந்து திரிபுராவின் தலைநகர் அகர்தலாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட முழுதாக இல்லை. ஜன்னலில் கீழே ஆறு, திட்டு, வயல், மறுபடி ஆறு. எல்லாம் வங்கதேசம். விடுதியில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தவர், "ஆபீஸ் வேலையா?" என்றார். சுற்றிப் பார்க்க வந்தேன் என்றேன். "இங்கேயா?" பக்கத்தில் இருந்த பையனிடம் வங்காளத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். கிண்டலாகத் தெரியவில்லை. கொஞ்சம் கூச்சம் போல இருந்தது. "ஷில்லாங் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் தாதா" என்று என் மேல் அக்கறையாகவே சொன்னார். தாதா என்றால் வங்காளத்தில் அண்ணன். வெளியூர்க்காரர்கள் என்ன கேட்பார்கள் என்று தெரிந்து பதிலை முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலமே வங்கதேசத்தோடு இருக்கும் அகௌரா எல்லைக்குப் போனேன். பேட்டரி ரிக்‌ஷாவில் ஏறி, ஊர் முடிவதற்குள் நாடு முடிந்துவிட்டது. கொடி இறக்கும் நிகழ்ச்சி உண்டு, ஆனால் பாகிஸ்தான் எல்லையில் வாகாவில் பார்ப்பது போன்ற கால் உதைப்பும் கூச்சலும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். எனக்கு நிகழ்ச்சியை விட, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் சாவகாசமாக மாட்டை ஓட்டிக்கொண்டு போனதுதான் நினைவில் நிற்கிறது.

திரிபுரா ஏன் யாருடைய வழியிலும் இல்லை என்பது அங்கே நிற்கும்போது புரிந்தது. மாநிலத்தின் எல்லையில் 856 கிலோமீட்டர் வங்கதேசத்தோடு. அசாமும் மிசோரமும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருப்பது மிச்சமிருக்கும் கொஞ்சம்தான். 1947க்கு முன்னால் அகர்தலாக்காரர்களுக்கு ரயில் நிலையம் என்றால் இந்த அகௌராதான். அங்கே ஏறிக் கொல்கத்தா போய்விடுவார்கள். கோடு கிழித்த பிறகு நிலையம் அந்தப் பக்கம் போய்விட்டது. கொல்கத்தா இருந்த இடத்திலேயே இருக்க, தரைவழி மட்டும் குவஹாத்தி சுற்றி 1,500 கிலோமீட்டருக்கு மேல் நீண்டுவிட்டது. அகர்தலாவுக்கு ரயில் வந்ததே 2008இல், அதுவும் மீட்டர் கேஜ். அகலப்பாதை 2016இல்.

உஜ்ஜயந்தா அரண்மனை நகரின் நடுவில் இருக்கிறது. 1897 நிலநடுக்கத்தில் பழைய அரண்மனை போக, திரிபுரா மன்னர் ராதா கிஷோர் மாணிக்யா கட்டிய வெள்ளை மாளிகை. 2011 வரை சட்டமன்றம் இதற்குள்தான் நடந்தது. இப்போது அருங்காட்சியகம். பெரும்பாலோர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உள்ளே 1971 வங்கதேசப் போர் பற்றிய பகுதியில்தான் நான் நீண்ட நேரம் நின்றேன். அந்த ஆண்டு திரிபுராவின் மக்கள்தொகை 15 லட்சத்துக்குச் சற்று மேல். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து தங்கிய அகதிகள் ஏறத்தாழ 14 லட்சம். வீட்டில் எத்தனை பேரோ அதே எண்ணிக்கையில் விருந்தாளிகள், அதுவும் உடுத்திய துணியோடு வந்தவர்கள். இதை நாங்கள் பள்ளியில் படித்த ஞாபகம் இல்லை.

சரி, நீர்மகாலுக்கு வருகிறேன். திரிபுரா என்று தேடினால் முதலில் வரும் படம் இதுதான். மேலாகர் பக்கம் ருத்ரசாகர் ஏரிக்குள் வெள்ளையும் சிவப்புமாக ஓர் அரண்மனை. அகர்தலாவிலிருந்து 50 கிலோமீட்டர் சுமார், வழியெல்லாம் ரப்பர் தோட்டம். பால் வடிக்கும் சிரட்டை கட்டிய மரங்களைப் பார்த்துக் குலசேகரம் பக்கம் வந்துவிட்டோமோ என்று தோன்றியது. ரப்பர் உற்பத்தியில் கேரளாவுக்கு அடுத்த இடம் திரிபுராவுக்குத்தான்.

உண்மையைச் சொன்னால் நீர்மகால் எனக்கு ஏமாற்றம். படகிலிருந்து பார்க்கும்வரை அழகு. உள்ளே போனால் வெறும் அறைகள், சுண்ணாம்பு வாசனை, சுவரில் காதலர்களின் பெயர்கள். ராஜஸ்தான் ஏரி அரண்மனையோடு ஒப்பிட்டே எல்லோரும் எழுதுவதால் நானும் அந்தக் கணக்கோடு போயிருந்தேன், அது கழித்தலாகவே முடிந்தது. திரும்பும்போது படகோட்டி ஏரி நடுவில் வேகத்தைக் குறைத்தார். மீனவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், கரையில் நீர்ப்பறவைகள். இந்த ஏரி 2005லிருந்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது. அரண்மனையைக் கட்டிய வீர விக்ரம் கிஷோர் மாணிக்யா கோடையைக் கழிக்கவென்று 1930இல் வேலையைத் தொடங்கி 1938இல் முடித்தார். 1947 மே மாதம் இறந்துவிட்டார். கூட்டிக் கழித்தால் பத்துக் கோடைகூட அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் காலி அறைகளை இது தெரிந்து பார்த்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். மறுபடி படகைத் திருப்பச் சொல்ல வெட்கமாக இருந்தது.

உதய்பூர் மாதாபாரி கோயிலில் அதிக நேரம் இருக்கவில்லை. 1501இல் தன்ய மாணிக்யா கட்டியது, சக்தி பீடங்களில் ஒன்று. அம்மன் பெயர் திரிபுரசுந்தரி, அதனால் அந்நிய உணர்வே இல்லை. எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பிரசாதம் பேடா, பால் நன்றாகச் சுண்டியது. கோயில் குளத்தில் ஆமைகள் பொரிக்குத் தலை நீட்டுகின்றன.

சாப்பாடு பற்றி ஒரு வரி: பழங்குடி உணவு கிடைக்கும் கடையைத் தேடிப் போங்கள். பெர்மா என்று பதப்படுத்திய சிறு மீனைக் காய்கறியோடு சேர்க்கிறார்கள். வாசனைக்கு வடநாட்டுப் பயணிகள் முகம் சுளித்து எழுதியிருக்கிறார்கள். கருவாட்டுக் குழம்பு வீட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வாசனை சொந்தக்காரன் மாதிரி.

மலைச்சரிவில் பாறைச் சிற்பங்கள் இருக்கும் ஊனகோடிக்காகத் தர்மநகருக்கு ரயில் பிடித்தேன். ஊனம் என்று நாம் சொல்லும் அதே சொல்தான். கோடிக்கு ஒன்று குறைவு. காசிக்குப் போன சிவன் கோடி தேவர்களோடு இங்கே ராத்தங்கி, விடியுமுன் எழுந்துவிட வேண்டும் என்று சொன்னாராம். அவரைத் தவிர ஒருவரும் எழவில்லை. எல்லோரையும் கல்லாகக் கிடக்கும்படி சபித்துவிட்டு அவர் மட்டும் போய்விட்டார். இன்னொரு கதையில் கல்லு குமார் என்ற சிற்பி. ஒரே இரவில் கோடி உருவம் செதுக்கினால் கைலாசத்துக்குச் சிவன் கூட்டிப்போவதாகப் பேச்சு. விடிந்து எண்ணினால் ஒன்று குறைகிறது. இந்தக் கதைதான் எனக்குப் பிடித்தது. இலக்கு வைத்து வேலை வாங்கும் கம்பெனியில் இருப்பவனுக்கு அந்தச் சிற்பியின் வயிற்றெரிச்சல் புரியும்.

படியில் இறங்கித் திரும்பினால் மலைச்சரிவு முழுக்க முகம். ஊனகோடீஸ்வர காலபைரவர் மட்டும் சுமார் 30 அடி, அதில் தலை அலங்காரமே 10 அடி. நம் ஊர்ச் சிற்பங்களில் பழகிய கண்ணுக்கு முதலில் கொஞ்சம் திகைப்பு. இடுப்பு வளைவு, நகை நுணுக்கம் ஒன்றும் கிடையாது. கோடு கோடாக, விரிந்த கண், அகன்ற உதடு, வாயின் இரண்டு ஓரமும் நீண்டு போகிறது. காட்டில் இருப்பவர்கள் தங்கள் முகத்தையே சாமிக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. நந்திகள் பாதி மண்ணில் புதைந்து கிடக்கின்றன. கீழே பிள்ளையார் உட்கார்ந்திருக்கும் பாறையின் மேல் மழைக்காலத்தில் ஓடை விழுமாம். நான் போனது டிசம்பர், கசிவுதான் இருந்தது. பாசி ஏறிய கல்லைத் தொட்டால் ஈரம்.

கி.பி. 7 முதல் 9ஆம் நூற்றாண்டு என்பது பொதுவான கணக்கு. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2022இல் சேர்த்தார்கள். 'வடகிழக்கின் அங்கோர்வாட்' என்று விளம்பரம் செய்கிறார்கள். நீர்மகாலில் சூடுபட்ட நான் இங்கே அந்த வார்த்தையை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்கினேன். மூன்று மணி நேரத்தில் ஒரு பள்ளிக் கூட்டம், இரண்டு குடும்பம், நான். அவ்வளவுதான் ஜனம். தகவல் பலகைகள் மோசம். ஒரு பலகையில் எழுத்தே அழிந்து போயிருந்தது.

திரும்பும்போது நாலரைக்கே வெளிச்சம் மங்கிவிட்டது. கார் ஓட்டியவர் அதுவரை அதிகம் பேசவில்லை. "உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது தாதா?" என்று அரைகுறை இந்தியில் கேட்டார். என் அரைகுறை இந்தியில், யோசிக்காமல் பதில் சொன்னேன். "ஒன்றும் இல்லை. சின்ன ஊர். பக்கத்து ஊரில் பனியன் கம்பெனிகள் இருக்கின்றன."

அவர் "ஓ" என்று தலையாட்டிவிட்டுச் சாலையைப் பார்த்தார்.

இரண்டு மூன்று வளைவு கடந்த பிறகுதான் உறைத்தது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட தலம் அவிநாசி. அந்தத் தாமரைக்குளத்தைத் தாண்டித்தான் நான் தினமும் பஸ்ஸுக்குப் போகிறேன். அவரிடம் காட்டலாம் என்று போனை எடுத்துத் தேடினேன். ஊனகோடி மட்டும் இருநூறு படம் இருந்தது. எங்கள் கோயில் ஒன்றுகூட இல்லை.