பிரதியா, பிரதிநிதியா?

'பிரதிநிதி' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு 'பிரதி' உட்கார்ந்திருக்கிறது. நம்மைப் போலவே இருக்கும் நகலா, நமக்குப் பதிலாக யோசிக்கும் ஆளா? சண்டையே அங்கேதான்.

1774-இல் பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க், தன்னை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்த பிரிஸ்டல் நகர வாக்காளர்களிடமே, நீங்கள் சொல்வதை அப்படியே ஒப்பிக்க நான் போகவில்லை, என் புத்திக்குப் பட்டபடிதான் முடிவெடுப்பேன் என்கிற அர்த்தத்தில் பேசினார். துணிச்சல்தான். (1780-இல் அதே ஊர் அவரைக் கைவிட்டது தனிக்கதை.) ஆனால் அன்றைய நாடாளுமன்றத்தில் ஒரு பெண்கூடக் கிடையாது. அறைக்குள் இல்லாதவர்களின் வலி அவர் புத்திக்கு எப்படிப் பட்டிருக்கும்?

சரி, ஆளை உட்காரவைத்துவிட்டால் போதுமா? ருவாண்டாவில் 2008 தேர்தலிலிருந்து நாடாளுமன்றக் கீழவையில் பெண்களே பெரும்பான்மை. உலகிலேயே முதல்முறை. எனக்கு அதில் சந்தோஷம்தான். அந்த அவை ஆட்சியாளரை எதிர்த்து எவ்வளவு பேச முடியும் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு குழுவில், எல்லாத் தரப்பும் வேண்டும் என்று ஓர் இளம்பெண்ணைச் சேர்த்தார்கள். முதல் கூட்டத்திலேயே கையில் நோட்டைக் கொடுத்து, "நீங்க குறிப்பு எடுத்துக்குங்கம்மா" என்றார்கள். இரண்டு மணி நேரம் தலைநிமிராமல் எழுதினார். ஒருவரும் அவரிடம் ஒரு கருத்தும் கேட்கவில்லை. அப்புறம் குரூப் போட்டோ எடுக்கும்போது மட்டும் நடுவில் நிற்கவைத்தார்கள். அந்தப் படத்தில் நானும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.