டீசல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

எங்கள் பழைய டீசல் காரின் ஃபில்டரைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றினேன். 1,000 பாருக்கும் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம்) மேற்பட்ட அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் துளைகள் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவானவை என்பதாலும், உயர் அழுத்தப் பம்புக்கு டீசலே மசகாகவும் பயன்படுவதாலும், சிறிது தூசியோ தண்ணீரோ உள்ளே சென்றாலும் பெருஞ்செலவில் முடியும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அடியில் தட்டு வைத்து, ஹோஸ்கள் இருந்த நிலையைப் படமெடுத்துக்கொண்டேன். வடிகால் திருகைத் தளர்த்தியதும் முதலில் வந்தது தண்ணீர்தான். டீசலைவிட அடர்த்தி மிகுந்ததால் அது அடியில் தங்கிவிடுகிறது.

பழைய ரப்பர் வளையம் மேல்மூடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவனித்து எடுத்தேன். அதன்மேல் புதியதைப் பொருத்தினால் கசிவு நிச்சயம். புதிய வளையத்தில் சுத்தமான டீசலைத் தடவிப் பொருத்தினேன். புதிய ஃபில்டரின் நடுத்துளை வழியாக டீசலை ஊற்றி நிரப்பும் பழக்கம் எனக்கு உடன்பாடானதன்று. வடிகட்டப்படாத டீசல் அவ்வழியே நேராகப் பம்புக்குப் போய்விடக்கூடும். அதனால் ஃபில்டருக்குள் டீசலை ஏற்றும் கைப்பம்பை, அது இறுகும்வரை பொறுமையாக அழுத்தி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றினேன். இரண்டாவது முயற்சியில் இன்ஜின் இயங்கியது. பத்து நிமிடம் ஓடவிட்டு, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

பெட்ரோல் கார்களுக்கு இம்முறை பொருந்தாது. இன்ஜினை நிறுத்திய பின்னரும் குழாயில் அழுத்தம் எஞ்சியிருக்கும். ஆவியோ எளிதில் தீப்பற்றும்.