கலங்கின படங்கள்: குறுக்குத்துறையில் ஒரு காலை

பொங்கல் லீவுக்குத் திருநெல்வேலி போனால் எனக்கு ஒரே வேலைதான், விடிந்ததும் கேமராவைத் தூக்கிக்கொண்டு குறுக்குத்துறைக்கு நடந்துவிடுவது. தாமிரபரணிக்கு உள்ளேயே இருக்கிற முருகன் கோயில் அது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கிவிடும், உற்சவரை முன்கூட்டியே கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் வடிந்து பாறையும் மண்டபமும் வெளியே தெரிய ஆரம்பித்தால் நீர்க்காகம், கொக்கு, வாலாட்டி, மீன்கொத்தி என்று ஆளுக்கொரு பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

நாலைந்து வருஷமாக அவற்றை 1/2000 நொடியில் இறகு இறகாக எடுத்து அலுத்துவிட்டது. இந்த முறை ஷட்டரை மெதுவாக்கி, அதாவது கூடுதல் நேரம் திறந்துவைத்து, எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. வெளிச்சத்தை உணரும் திறன் (ஐஎஸ்ஓ) 100, லென்ஸ் துளை எஃப்11, ஷட்டர் 1/30 நொடி. வெயில் ஏறிவிட்டால் இந்தக் கணக்கு ஒத்துவராது, அதனால் ஏழேகாலுக்குள் ஆரம்பித்தாக வேண்டும்.

முதலில் பறக்கும் கொக்கு. அது போகிற வேகத்துக்கே கேமராவையும் திருப்பிக்கொண்டு போக வேண்டும், அழுத்தியபிறகும் நிறுத்தக் கூடாது, இடுப்பிலிருந்து உடம்பே திரும்ப வேண்டும். சொல்ல லேசு. அறுபது எழுபது படத்தில் இரண்டு தேறியது. ஆனால் அந்த இரண்டும்! எதிர்க்கரையில் துவைத்துக் காயப்போட்டிருந்த சேலைகள் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நீளக் கோடுகளாக ஓட, நடுவில் வெள்ளையாகக் கொக்கு. பின்னால் வெறும் வானம் இருந்தால் இந்த வித்தை பலிக்காது, இழுபட ஏதாவது இருக்க வேண்டும்.

அப்புறம் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்று சிறகடித்துக்கொண்டு தண்ணீரைக் குனிந்து பார்க்கும். உடம்பு எப்படி ஆடினாலும் தலையை மட்டும் ஆணி அடித்தாற்போல நிறுத்திவைத்திருக்கும், மீன் மேல் வைத்த கண் விலகாமல் இருக்க. அதனால் 1/60க்கு இறங்கினாலும் கண் தெளிவாக விழுந்தது, சிறகு மட்டும் புகை மாதிரி கரைந்துபோனது. எனக்குப் பிடித்த படம் அதுதான், அதில் என் சாமர்த்தியம் பாதிகூட இல்லை.

குருட்டுக் கொக்கை வைத்து இன்னொன்று முயன்றேன். அது அசையாமல் நிற்கும், ஆறு ஓடும், ஒரு நொடி திறந்துவைத்தால் தண்ணீர் பாலாக வழியும், கொக்கு சிலையாக நிற்கும் என்பது என் கணக்கு. வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டரை மறந்து சென்னையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்கிற போலரைசர் கண்ணாடியை மாட்டி, லென்ஸ் துளையைச் சுருக்கி, எப்படியோ அரை நொடி வரை போனேன். ட்ரைபாடை ஓடுகிற தண்ணீரில் ஊன்றியதுதான் தப்பு. நீரோட்டத்தில் அதன் கால் நடுங்கி, கொக்கும் நடுங்கி, எல்லாம் போச்சு. பாறைக்கு மாற்றிவைக்கிற நேரத்தில் அது பறந்துவிட்டது. நானும் பாசியில் வழுக்கி முழங்கால் வரை நனைந்தேன், கேமரா தப்பியது.

ஆற்றில் ஷாம்பு பாக்கெட்டும் விட்டுப்போன பழைய துணியும் மிதக்கின்றன. தெளிவாக எடுக்கும்போது அவற்றைப் படத்தின் சட்டத்திலிருந்து ஒதுக்குவதே பெரிய பாடு. கலங்கின படத்தில் அவையும் வெறும் நிறமாகிவிடுகின்றன, இது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகவே இருந்தது. அதனால் ஒரு நீர்க்காகத்தை, காலடியில் சிக்கியிருந்த கந்தலோடு சேர்த்து, பழையபடி 1/2000இல் எடுத்துவைத்தேன்.

குளித்துவிட்டுத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேமராவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, எல்லாம் கலங்கலா கெடக்கு? ரிப்பேரா?”

வேண்டுமென்றேதான் அப்படி எடுக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டு, தலையைக் கோதிக்கொண்டு, மண்டபத்துத் தூணில் சாய்ந்து நின்றார்.

“சரி, என்னைய மட்டும் ஒழுங்கா எடுத்துரும்.”