மதர்போர்ட் போகவில்லை, ஹெட்செட் பின்னின் துண்டுதான்

அந்தத் துண்டை இன்னும் எறியவில்லை. வெறும் தீப்பெட்டி ஒன்றுக்குள் போட்டு மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். இதற்காக மூன்று தடவை மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன், ஒரு வாரத்து வேலையும் போனது.

நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சுச் செய்து கொடுப்பது என் தொழில். லெப்டொப்பில் சத்தம் போனால் எங்கள் வீட்டில் உலை ஏறாது. அன்றைக்குக் காலையில் ஒரு பதிவைத் திறந்தேன். ஓடுகிறது, பச்சைக் கோடு ஏறி இறங்குகிறது, ஸ்பீக்கர் மட்டும் ஊமை.

எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். மியூட் பார்த்தேன், வொல்யூம் மிக்சர் பார்த்தேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன், சேர்விசஸுக்குள் போய் விண்டோஸ் ஓடியோவை நிறுத்தித் திரும்பத் தொடக்கினேன். டிவைஸ் மனேஜரில் ரியல்டெக் என்ற சத்தச் சிப்பை இயக்கும் மென்பொருளை, அதாவது டிரைவரை, அழித்துவிட்டு, கம்பனித் தளத்தில் என் மொடலுக்கு உரிய டிரைவரை இறக்கிப் போட்டேன். ரியல்டெக்கின் சின்னம் நண்டு. எங்கள் வாவி நண்டைப் போலவே அதுவும் பிடி கொடுக்கவில்லை.

ஸ்பீக்கர்தானே பழுது, ஹெட்செட்டில் கேட்கலாம் என்று பக்கத்துக் கடையில் 850 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். வயர் நுனியில் குத்துகிற பின் முழுதாக உள்ளே இறங்கவில்லை. மலிவுச் சாமான், அளவு பிழை என்று திருப்பிக் கொடுக்கப் போனால், “எடுத்தா எடுத்ததுதான்” என்றார் கடைக்காரர். நானும் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். இங்கேதான் என் புத்தி வேலை செய்திருக்க வேண்டும். அந்தப் பின் ஏன் இறங்கவில்லை என்று அப்போது ஒரு டோர்ச் அடித்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அடுத்த நாள் களுவாஞ்சிகுடியில் பஸ் ஏறினேன். பஸ்ஸில் பாட்டு காது கிழிகிறது. மடியில் ஊமை லெப்டொப். டவுணில் இறங்கிக் கடைக்குப் போனால் பூட்டு. போயா நாள், பௌர்ணமி விடுமுறை! கலண்டரே பார்க்காமல் வந்திருக்கிறேன். முழுநிலா இரவில் கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடும் என்பார்கள். வந்ததற்கு அதையாவது கேட்டுவிட்டுப் போவோமா என்றுகூட நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், “என்னகா, போன கையோட கிறுகி வந்திட்டாய்?” என்று அம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

இரண்டாம் தடவை கடை திறந்திருந்தது. கடைக்காரர் லெப்டொப்பைத் திறந்தார், மூலையில் இருந்த ஸ்பீக்கர் படத்தை ஒருமுறை அமத்தினார், மூடினார். “போமட் அடிச்சாச் சரி. 3,500. நாளைக்கு வாங்க.” எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் போமட். டிரைவர் புதிதாகப் போட்டேன் என்று சொன்னேன். காதில் வாங்கவில்லை. நான் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்டிருந்தால் அந்த ஹெட்செட் கதையும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நல்ல வேளை, பைல்களை எல்லாம் முதல்நாள் இரவே பென்ட்ரைவில் எடுத்து வைத்திருந்தேன். தரவு இருக்கிறதா, எடுத்தீர்களா என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்குக் கொடுக்க முன் நீங்களாகவே எடுத்துவிடுங்கள், அவர்கள் கேட்பார்கள் என்று இருக்காதீர்கள்.

மூன்றாம் தடவை போய் எடுத்தேன். கடையில் கூட்டம், பஸ்ஸுக்கு நேரமாகிறது, காசைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து போட்டால் சத்தம் இல்லை! விண்டோஸ் புதிது, தமிழ்க் கீபோர்டைக் காணோம், எழுத்துருக்களைக் காணோம், சத்தமும் இல்லை. அவற்றைத் திரும்பப் போட்டு ஒழுங்குபடுத்தவே ஒன்றரை நாள் போனது. போன் எடுத்துச் சொன்னேன். “அப்ப மதர்போர்ட்தான் போயிருக்கு அக்கா. கொழும்பில சொல்லி எடுக்கணும், 18,000 மட்டில வரும்.” சத்தத்தைப் போட்டுக் கேட்காமல் கவுண்டரில் காசு கொடுத்தது என் பிழைதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 3,500 ரூபாயைத் திருப்பித் தருவதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

காத்தான்குடியில் ஒரு தம்பி நன்றாகப் பார்ப்பார் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். அந்தக் கடையைத் தாண்டித்தான் நான் மூன்று தடவையும் டவுணுக்குப் போய் வந்திருக்கிறேன்! அங்கேயும் என் ராசி விடவில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகாலுக்குப் போய் இறங்கினேன். ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகள் எல்லாம் பூட்டு. நடுவீதிப் பேரீச்ச மரங்களைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணிவரை இருந்தேன்.

ஆனால் அந்தத் தம்பி வேறு ரகம். லெப்டொப்பைத் தொட முதல், “கடைசியா எப்ப அக்கா சத்தம் கேட்டுச்சு? அதுக்குப் பிறகு என்ன செஞ்சீங்க?” என்றுதான் கேட்டார். பிறகு ஒரு பென்ட்ரைவைக் குத்தி அதிலிருந்தே, விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான உபுண்டுவை ஓட்டினார். டிஸ்கில் இருப்பதை அது தொடாது. அதில் சத்தம் வந்தால் குற்றம் விண்டோஸில். வராவிட்டால் போமட் அடித்துப் பயனில்லை, வேறெங்கேயோ தேட வேண்டும். பத்து நிமிட வேலை இது. 3,500 ரூபாய் கொடுக்க முன் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்.

அதிலும் சத்தம் வரவில்லை. எனக்கு வயிறு கலங்கியது. 18,000 கண்முன் வந்து நின்றது. அவர் மட்டும் சிரித்தார். “இதை வாசிங்க அக்கா.” சவுண்ட் செட்டிங்கில் அவுட்புட் என்ற இடத்தில் ‘ஹெட்ஃபோன்ஸ்’ என்று இருந்தது. ஹெட்செட் எதுவும் குத்தவில்லையே!

விண்டோஸிலும் அதே சொல்தான் இருந்ததாம். முதல் நாளிலிருந்தே. நானும் பார்த்தேன், கடைக்காரரும் பார்த்தார், வாசித்தவர் ஒருவரும் இல்லை.

ஹெட்செட் குத்துகிற ஓட்டைக்குள் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறது. ஹெட்செட் பின் உள்ளே போனதும் அது அசையும். உடனே லெப்டொப் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுச் சத்தத்தை ஹெட்செட்டுக்கு அனுப்பும். தூசியோ வேறு எதுவுமோ அதை அமத்திக்கொண்டு நின்றாலும் இதே கதைதான். டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே பித்தளை மினுங்கியது. ஏதோ ஒரு ஹெட்செட் பின்னின் நுனி முறிந்து அங்கேயே தங்கிவிட்டது.

எடுத்த விதம்தான் அருமை. லெப்டொப்பை முழுதாக நிறுத்தினார். முடிந்துபோன போல்பொயிண்ட் ரீபில் ஒன்றின் வெறும் பக்கத்தை வெட்டி, லேசாகச் சூடு காட்டி, துண்டின் மேல் அமத்திப் பிடித்தார். ஆறியதும் இழுத்தார். இரண்டு தடவை வெறுமையாக வந்தது. மூன்றாம் தடவை துண்டும் சேர்ந்து வந்தது. ஊசி, ஊக்கு போட்டு நோண்டப் போகாதீர்கள், உள்ளே இருக்கும் தகடு வளைந்தால் அப்போது உண்மையாகவே செலவு. பசை தடவி இழுக்கிற வேலையும் வேண்டாம் என்றார் அவர். வழிந்தால் ஓட்டையே அடைத்துக்கொள்ளும்.

போட்டதும் ஸ்பீக்கர் அலறியது. முன்னர் முழுச் சத்தத்தில் வைத்துச் சோதித்ததை மறந்துவிட்டேன், கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். 500 ரூபாய் எடுத்தார். கூடக் கொடுத்தும் வாங்கவில்லை.

வீட்டில் விசாரணை வைத்தேன். அக்காவின் மகன் தலை குனிந்தான். “கேம் விளையாடக்குள்ள வயர் காலில சிக்கிச்சு சின்னம்மா. ஹெட்செட்தான் பழுதாப் போச்செண்டு எறிஞ்சிட்டன்.”

போன கிழமை அந்த டவுண் கடையிலிருந்து போன் வந்தது. கொழும்பில் போர்ட் இருக்கிறதாம், எடுக்கட்டுமா என்று கேட்டார். பதில் சொல்லாமல், ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவின் சத்தத்தைக் கூட்டி, போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்தேன்.