லிஃப்ட் போட்ட ஜிம்னியில் சக்கரத்தைத் தரையில் நிறுத்துவது எப்படி

மாருதி சுசூகியின் ஐந்து கதவு ஜிம்னிக்கு 2 இன்ச் லிஃப்ட் தரும் ஸ்பிரிங் மாட்டினால் வண்டி அவ்வளவு உயரும். ஆனால் ஷாக்கை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை) மாற்றாமல் விட்டால், குறுக்குப் பள்ளத்தில் சக்கரம் முன்னைவிடச் சீக்கிரமே அந்தரத்தில் தொங்கும். கம்பெனி ஷாக் எவ்வளவு நீளுமோ அவ்வளவுதான் இப்போதும் நீளும். வண்டி சமதரையில் நிற்கும்போதே அதில் ஏறக்குறைய 50 மி.மீ. செலவாகிவிட்டது. சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த இடத்தில்தான் அந்த 50 மி.மீ. குறைகிறது.

எதையும் கழற்றும் முன், ஆக்சில்கள் எவ்வளவு வளைந்துகொடுக்கின்றன என்று அளவு எடுத்தோம். 20 டிகிரி சாய்வுத் தளத்தில் ஒரு முன்சக்கரத்தை மட்டும் மெதுவாக ஏற்ற வேண்டும். மற்ற மூன்றில் ஏதாவது ஒன்று தரையை விடும் இடத்தில் நிறுத்தி, ஏறிய நீளத்தை வீல்பேஸால் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரத்தால்) வகுத்து 1000-ஆல் பெருக்க வேண்டும். ஐந்து கதவு ஜிம்னியின் வீல்பேஸ் 2590 மி.மீ. ஆகவே 1000 மி.மீ. ஏறினால் 386 புள்ளி. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் இதைத் திரும்ப எடுத்தால்தான் எந்தச் செலவு பலன் தந்தது என்று தெரியும்.

முதலில் கைவைக்க வேண்டியது முன்பக்க ஸ்டெபிலைசர் பார், அதாவது வண்டி சாயாமல் இரு சக்கரங்களையும் இணைத்துப் பிடிக்கும் கம்பி. இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றி, டயரிலோ ஹோஸிலோ உரசாதபடி பாரை மேலே தூக்கிக் கட்டிவிடலாம். காசில்லாமல் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான். தார்ச்சாலைக்கு வருமுன் மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும். லிஃப்ட் போட்ட வண்டி சாலைத் திருப்பத்தில் கூடுதலாகச் சாயும்.

அடுத்தது ஷாக். இங்கே அவசரம் கூடாது. பெட்டியில் "2 இன்ச் லிஃப்டுக்கு" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்குவதைவிட, சொந்த வண்டியில் அளப்பதே சரி. சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கழற்றி, ஆக்சிலின் ஒரு முனையை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் மேலேறுவதை நிறுத்தும் தடுப்பில்) இடிக்கும்வரை தூக்குங்கள். மறுமுனையை இயன்றவரை இறக்குங்கள். இரு பக்கமும் ஷாக்கின் மேல் மவுண்டுக்கும் கீழ் மவுண்டுக்கும் உள்ள தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, தூக்கிய பக்கம் 355, இறக்கிய பக்கம் 560 மி.மீ. என்று வந்தால் மூடிய நீளம் 340-க்கு மிகாத, விரிந்த நீளம் 560-ஐ ஒட்டிய ஷாக் வேண்டும். அந்த 15 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் பம்ப் ஸ்டாப் வாங்க வேண்டிய அடியை ஷாக் வாங்கும். பிஸ்டனோ மவுண்டோ உடையும்.

டயரை மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து இதே அசைவைத் திரும்பப் பாருங்கள். ஆக்சில் முழுக்க இறங்கிய நிலையில் பிரேக் ஹோஸ் விறைத்து நின்றால் 50 முதல் 75 மி.மீ. நீளம் கூடிய ஹோஸ் போட வேண்டும். ஏபிஎஸ் ஒயர், ஆக்சிலின் பிரீதர் (காற்றுப்போக்கி) குழாய் இரண்டையும் கவனியுங்கள். ஸ்பிரிங் உட்காரும் தட்டில் தளர்ந்து ஆடினால் கீழ்த் தட்டில் கிளாம்ப் போடுங்கள். டயர் ஃபெண்டரில் இடித்தால் பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் ஸ்பேசர் வைக்கலாம். ஆனால் அது மேலேறும் தூரத்தைத் தின்னும், தேவைக்கு மேல் ஒரு மி.மீ.கூட வேண்டாம்.

ஸ்பிரிங் விஷயத்தில் பலரும் அதிக பாரத்துக்கான விறைப்பானதை வாங்குகிறார்கள். வண்டியின் எடையே சுமார் 1200 கிலோதான். இரும்பு பம்பரும் வின்ச்சும் இல்லாத வண்டியில் அந்த ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது.

பின்பக்கம் நன்றாக வளைந்தாலும் முன்பக்கம் முரண்டு பிடிக்கும். ஆக்சிலைச் சேஸியோடு இணைக்கும் முன் ரேடியஸ் ஆர்ம் ஒவ்வொன்றும் ஆக்சிலை இரண்டு புஷ்களில் (ரப்பர் வளையங்களில்) பிடித்திருக்கிறது. ஒரு சக்கரம் ஏறி மற்றது இறங்கும்போது இரண்டு ஆர்மும் ஆக்சிலை எதிரெதிராக முறுக்கும். அந்த முறுக்கை வாங்கிக்கொள்வது புஷ்ஷின் ரப்பர் மட்டுமே. லிஃப்டால் குறைந்த காஸ்டரை (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வை) திருத்தக் கடினமான பாலியூரிதேன் புஷ் போட்டால் ஸ்டியரிங் நேராகும், ஆக்சில் வளைந்துகொடுப்பது போய்விடும். காஸ்டர் திருத்திய ஆர்மில் ரப்பர் புஷ்ஷையே வைத்துக்கொள்வதுதான் எங்கள் தேர்வு. காஸ்டரைக் கூட்டக் கூட்ட ஆக்சிலில் ஷாஃப்ட் சேரும் பினியன் கீழ்நோக்கும், முன் ஆக்சிலுக்கு விசை கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் கோணம் ஏறி அதிர்வு வரும். ஆகவே ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் அளவோடு நிறுத்துங்கள்.

உயரம் கூடினால், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸியோடு பிடிக்கும் பான்ஹார்ட் ராடு அதை ஒரு பக்கமாக இழுக்கும். ரிம்முக்கும் சேஸிக்கும் இடையே இரு பக்கமும் அளந்து, நீளம் மாற்றக்கூடிய ராடால் நடுவில் கொண்டுவாருங்கள்.

புஷ் போல்ட்டுகளை வண்டி ஸ்டாண்டில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் அமுக்கி ஆட்டிவிட்டு, நிற்கும் உயரத்தில்தான் டார்க் ரெஞ்ச்சால் இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியே இருக்கும். ஆக்சில் வளைந்துகொடுப்பதையும் தடுக்கும், சீக்கிரமே கிழியும். முதல் காட்டுப்பாதை ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை திரும்பச் சரிபார்த்துவிடுங்கள்.