குன்னூர்க் குளிரும் இடது காலும்

டிசம்பர் 27

ஊட்டியில் புல்லெல்லாம் உறைபனியாம். குன்னூரில் அவ்வளவு இல்லை, ஆனால் சின்ன வயதில் போலியோ வந்த என் இடது காலுக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை. கெண்டைக்கால் நீலம் பாரித்துக் கிடக்கிறது. சதை இல்லாத காலில் ரத்தம் சரியாக மேலேறாது. வெந்நீர் ஒத்தடம், கம்பளி சாக்ஸ், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

டிசம்பர் 30

பிசியோதெரபி பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். போலியோ காலைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாளாம். அவள் வயதுக்கு அது நியாயம்தான். ஆனால் படித்து வந்திருந்தாள்.

இத்தனை வருஷம் கழித்து ஏன் புதுசாகப் பலம் குறைகிறது என்று கேட்டேன். போலியோ கிருமி முதுகுத்தண்டில் தசையை இயக்கும் நரம்பு செல்களைக் கொன்றுவிடுகிறது. தப்பித்தவை கிளைவிட்டு, ஆதரவில்லாத தசைநார்களையும் தாங்களே இழுக்கின்றன. தாய் இல்லாத வீட்டில் மூத்தவள் தம்பி தங்கைகளை வளர்ப்பது மாதிரி. முப்பது நாற்பது வருஷத்தில் மூத்தவள் களைத்துப் போகிறாள்.

அதனால் பயிற்சியும் அவள் தாங்குகிற அளவுக்குத்தான். நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை மெல்ல நீட்டுவது, களைப்பு வருமுன் நிறுத்துவது, ஒருநாள் விட்டு ஒருநாள். தன் கனத்தையே தூக்க முடியாத தசையில் எடை கட்டவே கூடாது. மறுநாள் வலித்தால் முந்தின நாள் செய்தது அதிகம்.

ஜனவரி 4

அண்ணன் வந்தார். "பாப்பா, சும்மா உட்காராதே. சிம்ஸ் பார்க்கை ஒரு சுற்று சுற்றி வா." பார்க் முழுக்க ஏற்ற இறக்கம் என்பது அவர் கணக்கில் இல்லை.

சின்ன வயதில் வலித்தாலும் நட, விழுந்தாலும் நட என்று என்னை நிற்கவைத்தவர் அவர்தான். அன்றைக்கு அது சரி. இப்போது அதே பேச்சைக் கேட்டால் இருக்கிற நரம்பும் போய்விடும் என்றேன். "அப்போ படுத்தே கிடக்கச் சொல்றாளா?" அதுவும் இல்லை, படுத்தால் தசை இன்னும் வற்றும். நடுவில் ஒரு அளவு இருக்கிறது, அது ஆளுக்கு ஆள் மாறும். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரி 8

வலிப்பது வலது கால்! இத்தனை நாள் நல்ல கால் என்று பேர். அதையும் அந்தக் கிருமி லேசாகத் தொட்டிருக்கலாம், வெளியே தெரியாமல் இருந்திருக்கும் என்கிறாள் பிசியோ பெண். போதாததற்கு இரண்டு கால் வேலையையும் அதுதானே செய்தது.

நான் ஏற்றத்தில் இடது கையைத் தொடையில் ஊன்றித்தான் நடப்பேன். என் புடவைகள் எல்லாம் அந்த ஓரிடத்தில்தான் முதலில் நைந்து போகும். இனி வலது கையில் தடி பிடிக்கச் சொல்கிறாள். வெதுவெதுப்பான குளத்தில் நடந்தால் உடம்பின் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்ளுமாம். ஜனவரியில், குன்னூரில், வெதுவெதுப்பான குளம்! இருவரும் சிரித்தோம்.

ஜனவரி 13

2011-ல் இதே தேதியில்தான் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்தது. இயற்கையாகப் பரவும் போலியோவில் இந்தியாவின் கடைசி நோயாளி. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழும் கிடைத்தது. நல்லது. அதற்கு முன்னால் வந்த எங்களுக்கு இப்போதுதான் வயதாகிறது.

பொங்கல் கழிந்து புது காலிபருக்கு, அதாவது காலைத் தாங்கிப் பிடிக்கும் சட்டத்துக்கு, அளவு கொடுக்கக் கோயம்புத்தூர் போகவேண்டும். பழைய இரும்புக் காலிபரின் கனத்தைச் சுமப்பதே ஒரு வேலை, பிளாஸ்டிக்கில் லேசாக வருகிறதாம். அண்ணன் வண்டி ஓட்டுகிறேன் என்று போன் செய்தார். பர்லியாரில் டீக்கு நிறுத்தவேண்டும், பிசியோ பற்றிப் பேசக் கூடாது. சரி என்றேன்.